ஏழு நாளைக்குள் அடங்காத வறுமை

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இலத்தீன் அமெரிக்கத் தொல்குடி மக்களுக்கும் கிறித்தவ சபைகளுக்கும் இடையிலான உறவுதான் என் முனைவர் பட்ட ஆய்வுக்களம். அதிலிருந்து ஒரு சிறு பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க சபைகளைச் சேர்ந்தவர்கள் குவாத்தமாலா நாட்டுக்குப் போய், அங்குள்ள மாயா மக்களிடம் ஒரு வாரம் ஊழியம் செய்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். குறுங்கால ஊழியப் பயணம் என்று அதைச் சொல்லலாம். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மாயா என்றதும் நம்மில் பலருக்குக் காட்டுக்குள் இருக்கும் பிரமிடும், 2012-இல் உலகம் அழியும் என்று கிளம்பிய வதந்தியும்தான் நினைவுக்கு வரும். ஏதோ அழிந்துபோன நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குவாத்தமாலாவில் சுமார் 1.49 கோடிப் பேர் வாழ்கிறார்கள். அவர்களில் 62 லட்சம் பேர், அதாவது 41.7 சதவீதம் பேர், தங்களை மாயா என்று பதிவு செய்தவர்கள். கிச்சே, கெக்சி, கக்சிகெல், மாம், இஷில், சுதுஹில் என்று அவர்களுக்கு 22 மொழிகள் உண்டு. மக்காச்சோளமும் பீன்ஸும் விளைவிக்கிறார்கள். பெண்கள் இடுப்புத் தறியில் நெய்கிறார்கள். கூலி வேலைக்குத் தலைநகருக்கும் அமெரிக்காவுக்கும் போகிறார்கள்.

ஊழியப் பயணம் எப்படி நடக்கிறது? பெரும்பாலும் கோடை விடுமுறையில். பத்துப் பதினைந்து பேர் ஒரு குழு. கார் கழுவியும் கேக் விற்றும் சபையில் நிதி திரட்டுவார்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-சர்ட் அச்சடிப்பார்கள். குவாத்தமாலா நகரில் வந்து இறங்கி, ஆன்டிகுவாவிலோ அத்தித்லான் ஏரிக்கரையிலோ தங்குவார்கள். காலையில் வேன் ஏறி மலைக் கிராமத்துக்குப் போவார்கள். வகுப்பறைக்கு ஹாலோ பிளாக் சுவர் எழுப்புவது, மணல் சுமப்பது, புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டிக் கொடுப்பது, மருத்துவ முகாம், மூக்குக் கண்ணாடி வழங்குவது, பிள்ளைகளுக்கு நம்மூர் வி.பி.எஸ். மாதிரி பாட்டும் பைபிள் கதையும். கடைசி நாள் சந்தை, கைத்தறித் துணி, புகைப்படம். பிறகு விமானம். ஓராளுக்கு 1,500 முதல் 2,500 டாலர் வரை செலவாவது வழக்கம்.

கேலி செய்வதற்காக இதை அடுக்கவில்லை. கண் மங்கிப்போன ஒரு நெசவாளிக்குக் கண்ணாடி கிடைத்தால் இன்னும் பத்து வருடம் தறியில் உட்கார முடியும். சொந்தக் காசைப் போட்டு, விடுமுறையை விட்டுக்கொடுத்து வருகிறவர்களின் மனசை நான் சந்தேகிக்கவில்லை. மனசு நன்றாக இருந்தும் ஏன் இந்த ஏற்பாடு தவறாகப் போகிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். அமெரிக்க சபை உறுப்பினர்களில் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் இப்படி வெளிநாடு போகிறார்கள் என்று சமூகவியலாளர் ராபர்ட் வுத்நவ் மதிப்பிட்டார். இந்தப் பயணங்களால் என்ன பயன் என்பதைப் பக்கத்து நாடான ஹோண்டுராஸில் ஆராய்ந்தவர் குர்ட் வெர் பீக். அவர் மிஷனரிகளின் எதிரி இல்லை. கிறித்தவக் கல்லூரி ஒன்றின் பேராசிரியர், ஹோண்டுராஸிலேயே வாழ்ந்தவர். 1998-இல் மிட்ச் புயல் அடித்த பிறகு அங்கே வீடு கட்ட அமெரிக்கக் குழுக்கள் குவிந்தன. விமான டிக்கெட்டையும் சேர்த்தால் அவர்கள் கட்டிய ஒரு வீட்டுக்குச் சுமார் 30,000 டாலர் ஆனது. அதே மாதிரி வீட்டை உள்ளூர் அமைப்புகள் சுமார் 2,000 டாலரில் கட்டின. வெளிநாட்டார் கட்டிய வீட்டில் குடியேறியவர்களுக்கும் உள்ளூர்க்காரர்கள் கட்டிய வீட்டில் குடியேறியவர்களுக்கும் வாழ்க்கையில் குறிப்பிடும்படியான வேறுபாடு எதையும் அவர் காணவில்லை. வந்து போனவர்கள் தங்கள் வாழ்க்கையே மாறிவிட்டதாகச் சொன்னார்கள். நன்கொடைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் அந்த மாற்றம் பெரிதாகத் தெரியவில்லை.

ஆனால் பணக் கணக்கோடு நிறுத்திக்கொண்டால், 'சரி, இனி பணத்தை மட்டும் அனுப்புவோம்' என்று அவர்கள் முடித்துக்கொள்வார்கள். என் விமர்சனம் அங்கே இல்லை. ஏழு நாள் என்ற கால அளவே வறுமைக்கு ஒரு விளக்கத்தைக் கொடுத்துவிடுகிறது. ஏழு நாளில் எதைச் செய்ய முடியுமோ அதுதான் பிரச்சினை என்றாகிவிடுகிறது. சுவர் இல்லை, சுவர் கட்டுவோம். செருப்பு இல்லை, செருப்புக் கொடுப்போம். ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பயணத் திட்டத்தில் இடமே இல்லை. அந்தக் கேள்வியை நாம் கேட்போம்.

மாயா மக்களிடம் ஏன் நிலம் இல்லை? 1870-களில் காப்பிக்கு உலகச் சந்தையில் விலை கூடியது. ஜனாதிபதி ஹூஸ்தோ ருஃபினோ பாரியோஸ், மாயா ஊர்களின் பொது நிலங்கள் தோட்ட முதலாளிகளின் கைக்குப் போக வழி திறந்துவிட்டார். நிலம் போதுமா, ஆள் வேண்டாமா? 1877-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். தோட்ட முதலாளி கேட்டால் அதிகாரிகள் மாயா கிராமங்களிலிருந்து ஆட்களைப் பிடித்து அனுப்ப வேண்டும். 1934-இல் ஹோர்ஹே உபிகோ ஆட்சியில் இன்னொரு சட்டம் வந்தது. நிலமில்லாதவன் வருடத்துக்கு 150 நாள் தோட்ட வேலை செய்திருக்க வேண்டும். அதைக் காட்டும் கையேட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவன் 'சோம்பேறி', பிடித்து உள்ளே போடலாம். நிலத்தைப் பிடுங்கியவர்கள் பிடுங்கப்பட்டவனைச் சோம்பேறி என்று சட்டத்திலேயே எழுதினார்கள். இந்த வசனம் நம் காதுக்குப் புதிதில்லை.

1952-இல் ஹகோபோ ஆர்பென்ஸ் அரசு நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. தரிசாகப் போட்டிருந்த பெரும்பண்ணை நிலங்கள் சுமார் 1 லட்சம் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பெனியின் நிலமும் அதில் இருந்தது. 1954-இல் சி.ஐ.ஏ. ஏற்பாட்டில் ஆர்பென்ஸ் கவிழ்க்கப்பட்டார். கொடுத்த நிலம் திரும்பப் பறிக்கப்பட்டது. இன்று குவாத்தமாலாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப்பேர் நாள்பட்ட ஊட்டச்சத்துக் குறைவால் வளர்ச்சி குன்றியவர்கள். மாயா குழந்தைகளிடம் இந்த விகிதம் இன்னும் அதிகம். ஊழியக் குழு தூக்கி வைத்துப் படம் எடுக்கும் ஐந்து வயதுப் பிள்ளை மூன்று வயது போலத் தெரிவதற்குப் பின்னால் இத்தனை சட்டங்களும் ஒரு கவிழ்ப்பும் இருக்கின்றன. அந்தக் கவிழ்ப்பை நடத்தியது அந்தக் குழுவின் சொந்த அரசாங்கம். இது எந்த டி-சர்ட்டிலும் அச்சாவதில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. 1882-இல் ஜான் கிளார்க் ஹில் என்ற பிரஸ்பிட்டேரியன் மிஷனரி குவாத்தமாலா வந்தார். அங்கே நிலையான புராட்டஸ்டன்ட் ஊழியத்தின் தொடக்கம் அதுதான். அவரை அழைத்து வந்தவர் யார்? ஆள்பிடிச் சட்டம் போட்ட அதே பாரியோஸ்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'காஸ்டா' என்ற ஐபீரியச் சொல்லைத்தான் போர்ச்சுக்கீசியர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்து நம் சாதிக்குப் பெயராக வைத்தார்கள். அதே சொல்லை வைத்துத்தான் ஸ்பானியர்கள் அமெரிக்கக் காலனிகளில் மனிதர்களைப் பிறப்பால் தரம் பிரித்தார்கள். குவாத்தமாலாவில் அது கடைசியில் 'லதீனோ', 'இந்தியோ' என்ற இரண்டு பெயர்களில் வந்து நின்றது. லதீனோ ஸ்பானிஷ் பேசுபவர், மேற்கத்திய உடை உடுத்துபவர். இந்தியோ என்பது இன்றும் வசைச்சொல். இரண்டு அமைப்புகளும் ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். அங்கே ஒரு மாயா தன் மொழியை விட்டு, உடையை விட்டு, ஊரை விட்டுப் போனால் லதீனோவாகக் கடந்துவிடும் வாய்ப்பு கொஞ்சமாவது உண்டு. சாதி நம்மை அப்படிக்கூட விடாது. ஆனால் தன் மொழியையும் உடையையும் கழற்றி வைத்தால்தான் மனிதராக மதிப்போம் என்பது எந்த வகை மதிப்பு?

இப்போது அந்தப் பைபிள் கதை வகுப்பை யோசியுங்கள். குழுத் தலைவர் ஆங்கிலத்தில் சொல்கிறார். லதீனோ மொழிபெயர்ப்பாளர் ஸ்பானிஷில் சொல்கிறார். உள்ளூர் ஆசிரியை அதைக் கக்சிகெலில் சொல்கிறார். மூன்றாவது கையில் கதை வந்து சேர்கிறது. பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்பது திரும்ப மேலே போவதே இல்லை. 1917-இல் ஸ்பானிஷ் பைபிள் விற்க வந்த கேமரன் டவுன்செண்ட் என்ற அமெரிக்க இளைஞர், கக்சிகெல் மக்களுக்கு ஸ்பானிஷ் புரியவில்லை என்று கண்டு, பல ஆண்டுகள் அங்கேயே தங்கி அந்த மொழியைக் கற்றுப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். அவருடைய நோக்கத்தோடு எனக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். ஆனால் எதிரில் இருப்பவருக்கு ஒரு மொழி இருக்கிறது என்பதாவது அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, ஒரு வாரம் வந்து உதவிவிட்டுப் போவதில் அப்படி என்ன ஆபத்து என்று கேட்கலாம். இதற்குக் குவாத்தமாலா வரலாறே பதில் வைத்திருக்கிறது.

1976 பிப்ரவரி 4 அன்று பெரும் நிலநடுக்கம். சுமார் 23,000 பேர் இறந்தார்கள். நிவாரண வேலைக்காகக் கலிஃபோர்னியாவிலிருந்து 'காஸ்பல் அவுட்ரீச்' என்ற சபையினர் வந்தார்கள். அந்த வேலையிலிருந்து 'எல் வெர்போ' என்ற சபை தலைநகரில் உருவானது. அதில் சேர்ந்தவர்களில் ஒருவர் ராணுவத் தளபதி எஃப்ராயின் ரியோஸ் மோந்த். 1982 மார்ச் 23 அன்று ராணுவப் புரட்சியில் அவர் ஆட்சியைப் பிடித்தார். ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் நாட்டுக்கு ஒழுக்கப் பிரசங்கம் செய்தார். மலைகளில் அவருடைய ராணுவம் கிராமம் கிராமமாக எரித்தது. அவருடைய திட்டத்துக்கு மக்களிடையே வழங்கிய பெயர் 'துப்பாக்கியும் பீன்ஸும்'. எங்களோடு நின்றால் பீன்ஸ், நிற்காவிட்டால் துப்பாக்கி. மலைக்குள் தப்பி ஓடி, பசி தாங்காமல் இறங்கி வந்த இஷில் மக்களை ராணுவம் 'மாதிரிக் கிராமங்களில்' அடைத்தது. அவர்களுக்கு உணவும் துணியும் கொண்டுபோய்க் கொடுத்ததில் எல் வெர்போ சபையினர் தொடங்கிய தொண்டு அமைப்பும் ஒன்று. அதற்கு அமெரிக்காவில் நிதி திரட்டினார்கள். பேட் ராபர்ட்சன் போன்ற தொலைக்காட்சிப் பிரசங்கிகள் ரியோஸ் மோந்தைத் தேவன் அனுப்பிய தலைவராகக் கொண்டாடினார்கள். நன்கொடை கொடுத்த அமெரிக்கக் குடும்பத்துக்குப் பசித்த பிள்ளைகள் தெரிந்தார்கள். அவர்களைப் பசிக்க வைத்தது யார் என்று தெரியவில்லை.

1999-இல் ஐ.நா. ஆதரவோடு அமைந்த உண்மை அறியும் ஆணையம் அறிக்கை தந்தது. 36 ஆண்டு உள்நாட்டுப் போரில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள் என்றது. அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதம் பேர் மாயா. அத்துமீறல்களில் 93 சதவீதத்துக்கு அரசுத் தரப்பே பொறுப்பு. அரசுப் படைகள் நடத்திய படுகொலைகள் 626. 2013 மே 10 அன்று இனப்படுகொலைக்காகவும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்காகவும் ரியோஸ் மோந்துக்கு 80 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பத்தே நாளில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் நீதிமன்றத்தில் இஷில் பெண்கள் தங்கள் மொழியில், தங்கள் உடையில் வந்து நின்று சொன்ன சாட்சியத்தை யாராலும் ரத்து செய்ய முடியவில்லை.

எல்லா மிஷனரிகளும் அந்தப் பக்கம்தான் நின்றார்கள் என்றால் அது பொய். அதே அத்தித்லான் ஏரிக்கரையில் சந்தியாகோ அத்தித்லான் என்ற சுதுஹில் ஊர் இருக்கிறது. 1968-இல் ஒக்லஹோமாவிலிருந்து ஸ்டான்லி ராதர் என்ற கத்தோலிக்கக் குரு அங்கே வந்தார். விவசாயி மகன். சுதுஹில் மொழியைக் கற்றார். வயலில் இறங்கி வேலை செய்தார். 1981 தொடக்கத்தில் கொலைப் பட்டியலில் தன் பெயர் இருப்பது தெரிந்து அமெரிக்கா திரும்பியவர், ஈஸ்டருக்கு முன்பே மறுபடியும் ஊருக்கு வந்துவிட்டார். ஜூலை 28 அன்று அவருடைய அறையிலேயே சுட்டுக் கொன்றார்கள். உடல் ஒக்லஹோமாவுக்குப் போனது. இதயத்தை ஊர் மக்கள் கேட்டு வாங்கித் தங்கள் கோயிலில் வைத்துக்கொண்டார்கள். அவரைப் போலவே கூட்டுறவுச் சங்கம் கட்டிய, உரிமை பேசிய மாயா உபதேசியார்கள் ஏராளமானோர் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்குத் திரும்பிப் போக ஒக்லஹோமா எதுவும் இல்லை.

1968-இலேயே இவான் இல்லிச், அவரும் குருவாக இருந்தவர்தான், மெக்சிகோவுக்கு ஊழியம் செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களிடம் நேருக்கு நேர் சொன்னார்: பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள். அவர் சொன்னதன் சாரம் இது. அவர் சொல்லாத ஒன்றை நான் சேர்க்கிறேன். அந்த மக்களுக்கு விமோசனம் வெளியிலிருந்து வருவதில்லை. ராதர் கொல்லப்பட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1990 டிசம்பர் 2 அன்று, சந்தியாகோ அத்தித்லான் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, கையில் ஆயுதம் இல்லாமல் ராணுவ முகாமுக்கு நடந்தார்கள். ராணுவம் சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். அவர்கள் கலைந்து போகவில்லை. கையெழுத்தும் கைநாட்டும் திரட்டி, ராணுவம் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். அந்த மாதமே ராணுவம் வெளியேறியது. ஒரு மாயா ஊர் ராணுவத்தை வெளியேற்றியது. எந்தக் குழுவும் வந்து செய்து கொடுத்த வேலையில்லை அது.

இனி நமக்கு நெருக்கமான ஒரு விஷயம். இந்த உரையிலிருந்து நான்கு வரியை வெட்டி எடுத்து, 'பார்த்தீர்களா, மதமாற்றக் கும்பலைப் பற்றி இவர்களே சொல்கிறார்கள்' என்று நாளைக்கு ஒரு சங்கி பதிவு போடலாம். அதனால் தெளிவாகச் சொல்கிறேன். ஊழியப் பயணம் வேறு, மக்கள் தாங்களே மதம் மாறுவது வேறு. மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் சான் ஹுவான் சமூலா என்ற சோட்சில் மாயா ஊர் உண்டு. அங்கே ஊர்ப் பெரியதனக்காரர்கள் சாராயத்தையும் மெழுகுவர்த்தியையும் திருவிழாக் கடனையும் கையில் வைத்துக்கொண்டு மக்களைப் பிழிந்தார்கள். எல்லாம் 'நம் பாரம்பரியம்' என்ற பெயரில். 1970-களில் தொடங்கி அங்கே ஏழைகள் புராட்டஸ்டன்டாக மாறினார்கள். சாராயம் வாங்க மறுத்தார்கள், திருவிழா வரி கட்ட மறுத்தார்கள். சுமார் 30,000 பேர் ஊரை விட்டுத் துரத்தப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள். சான் கிறிஸ்தோபல் நகரத்தின் ஓரத்தில் புதிய குடியிருப்புகளைக் கட்டி அவர்கள் வாழ்கிறார்கள். இவர்களை 'ரொட்டிக்கு மாறியவர்கள்' என்று யாராவது சொல்ல முடியுமா? வீட்டையும் வயலையும் இழந்து மாறியவர்கள் இவர்கள். இழிவிலிருந்து வெளியேற மனிதர்கள் மதத்தைக் கதவாகப் பயன்படுத்துவார்கள் என்பதை 1956 அக்டோபர் 14-க்குப் பிறகு நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மாறுவது அவர்கள் முடிவு. அதைத் தடுக்கச் சட்டம் கேட்பவர்களும், ஒரு வாரத்தில் 'ஆத்தும எண்ணிக்கை' எடுத்துக்கொண்டு போகிறவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். இந்த மக்களுக்குச் சுயபுத்தி இருக்கிறது என்பதை இருவருமே ஒப்புக்கொள்வதில்லை.

கடைசியாக, இங்கே இருக்கும் மாணவர்களுக்கு. நம் கல்லூரிகளில் என்.எஸ்.எஸ். சிறப்பு முகாமும் ஏழு நாள்தான். சேரிக்குப் போகிறோம். குப்பை அள்ளுகிறோம், மரக்கன்று நடுகிறோம், கை கழுவுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கிறோம். அந்த ஊரின் பஞ்சமி நிலம் யார் பெயரில் பட்டாவாகியிருக்கிறது, சுடுகாட்டுக்குப் பாதை ஏன் இல்லை, தேநீர்க் கடையில் எத்தனை வகை டம்ளர் இருக்கிறது என்பவை முகாம் அறிக்கையில் வருவதில்லை. கொடி வேறு, பாட்டு வேறு, கால அளவு ஒன்று. அதனால் கேள்வியும் ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

எங்கே போனாலும் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். என்ன வேலை என்று முடிவு செய்தது யார், அந்த ஊர் மக்களா, கிளம்பும்போதே நாமா? இந்தக் குறையை உண்டாக்கியது யார், அவர் பெயரைச் சொல்ல நமக்குத் துணிவு இருக்கிறதா? நாம் போன பிறகு ஏதாவது தவறாகிவிட்டால் அதற்குப் பதில் சொல்ல நாம் இருப்போமா? அவர்கள் தங்கள் வழியில் ஒரு போராட்டம் தொடங்கினால், சான்றிதழும் படமும் கிடைக்காத அந்த நாளில், கூட நிற்போமா?

கட்டிய சுவர் அங்கே நிற்கட்டும், யாரும் இடிக்கச் சொல்லவில்லை. அந்தச் சுவர் எழும்பிய நிலம் யாருடையதாக இருந்தது என்று கேட்பதற்கு மட்டும் ஒரு வாரம் போதாது. மீதியைக் கேள்வி நேரத்தில் பேசுவோம்.